மாவு பிசையும்போது பேசக்கூடாது

மே 6

அன்புள்ள அண்ணா,

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் யாரோ பெற்ற குழந்தை என் மடியில் வாந்தி எடுத்ததைத் தவிர வேறு விசேஷம் இல்லை. அம்மா நலம், அப்பா நலம், கடை அடுப்பும் நலம். நீயும் நலமாக இருக்கிறாய், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று எழுதினால் அம்மா நம்பத் தயாராக இருக்கிறாள்.

பரீட்சை முடிந்ததும் நீ வீட்டுக்கு வராமல் கிறிஸ்தவ மாணவர் ஐக்கியத்தின் முகாம் வேலை என்று அங்கேயே தங்கிவிட்டதில் அவளுக்கு வருத்தம்தான். ஆனால் ரொட்டி வாங்க வருகிறவர்களிடம் மட்டும், "என் பையன் ஊழியத்துல இருக்கான்" என்று தலையை நிமிர்த்திச் சொல்கிறாள்.

நீ சொன்னபடி தினமும் காலையில் வேதம் வாசிக்கிறேன். இடம்தான் பிரச்சினை. வீட்டில் எங்கே உட்கார்ந்தாலும் அம்மா கையில் ஒரு வேலையோடு வந்து நிற்கிறாள். கடைசியில் கடைக்குப் பின்னால் மாவு மூட்டைகளின் மேல் ஏறிக்கொண்டேன். அடுப்புச் சூடு முதுகில் படும். அப்பா பாட்டுக்குத் தட்டுகளை இழுப்பதும் தள்ளுவதுமாக இருப்பார். இறங்கும்போது பாவாடையெல்லாம் வெள்ளை. ஆனால் அண்ணா, ஹாஸ்டலில் உனக்குப் பயந்து வாசித்தது இங்கே வேறு மாதிரி உள்ளே இறங்குகிறது. நான் ஜெபம் பண்ணினால் யாரோ கேட்கிறார்கள் என்று முதல் தடவையாகத் தோன்றுகிறது. சிரிக்காதே.

நம் வீட்டுச் சட்டம் மாறவில்லை. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கு முந்தின நாள் மதியம் கடையைச் சாத்திவிட்டு, வேறு எதற்கும் தொடாத அந்தத் தட்டைக் கழுவி வைத்து, அப்பா திருவிருந்து அப்பத்துக்கு மாவு பிசைந்தார். முடியும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது. சின்ன வயதில் நீ அந்த நேரம் பார்த்து விக்கல் எடுத்து வெளியே துரத்தப்பட்டது ஞாபகம் வந்து, சிரிப்பை அடக்க நானே வெளியே ஓடினேன்.

சொல்ல வந்தது வேறு. மறுநாள் கோயிலில் எல்லோரும் வரிசை வரிசையாக எழுந்து முன்னால் போய் முழந்தாளிட்டு அந்த அப்பத்தை வாங்கிச் சாப்பிட்டார்கள். அப்பா எழுந்திருக்கவில்லை. கடைசி வரிசையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். அம்மாவைக் கேட்டால், "முட்டி வலிடி அவருக்கு. ஒரு வருஷமாவே முன்னாடி போறதில்ல" என்கிறாள். ஆனால் நேற்று அடுப்புக்கு அடியில் உருண்டுபோன எடைக்கல்லை அப்பா முழந்தாளிட்டுத் துழாவி எடுத்தார். ஒரு முனகல்கூட இல்லை.

தான் சுட்ட அப்பத்தைத் தானே சாப்பிடாமல் ஒரு மனுஷன் ஒரு வருஷம் இருப்பாரா? எனக்கு மனசே சரியில்லை. உனக்கு ஏதாவது தெரியுமா?

பதில் போடு.
உன் வாலு

*

மே 12

கர்த்தருக்குள் பிரியமான சகோதரிக்கு,

இந்நாள்வரை நம்மைத் தம்முடைய செட்டைகளின் நிழலில் மறைத்துக் காத்துவரும் தேவனுக்கே துதியும் கனமும் உண்டாவதாக. அவருடைய கிருபையால் நான் இங்கே சுகம். நீங்கள் அனைவரும் ஆவியிலும் ஆத்துமாவிலும் சரீரத்திலும் சுகமாயிருக்கும்படி அனுதினமும் மன்றாடுகிறேன்.

முகாமில் முப்பது மாணவர்கள். காலையில் வேதபாடம், மதியம் பக்கத்துக் குடியிருப்புகளில் ஊழியம், மாலையில் அவரவர் அனுபவச் சாட்சி. தேவசெய்தி கொடுக்கும் பொறுப்பு பெரும்பாலும் என் தலையில்தான் விழுகிறது. நேற்று நான் பேசி முடித்தபோது இரண்டு பேர் அழுதார்கள்.

அப்பாவைப் பற்றி நீ எழுதியதை முழங்காலில் நின்று வாசித்தேன். எனக்கு ஆச்சரியமில்லை, பாரம்தான். போன வருஷ லீவில் நாம் கிளம்புவதற்கு முந்தின நாள் சாப்பாட்டு மேசையில் நான் பேசியது உனக்கு நினைவிருக்கும். பேருக்குக் கோயிலுக்குப் போவது பற்றி, மனந்திரும்பாமல் அந்த அப்பத்தில் கை வைப்பதன் ஆபத்து பற்றி. அப்பா அன்று தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. வசனம் உள்ளே கிரியை செய்கிறது என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. மறைவாக ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அதை விட மனமில்லாமல்தான் முட்டி வலி என்று சாக்கு.

நீ அவரிடம் தைரியமாகக் கேள். தகப்பன் என்று பார்க்காதே. உன்னை இந்த லீவில் வீட்டுக்கு அனுப்பியதே இதற்காக இருக்கலாம். குடி உண்டா, வேறு பழக்கம் உண்டா, கண்ணைத் திறந்து பார்.

கர்த்தருடைய பணியில்,
உன் சகோதரன்

*

மே 19

அன்புள்ள அண்ணா,

சகோதரி என்று என்னைக் கூப்பிட்டதற்கு நன்றி. இத்தனை வருஷம் எருமை என்று கூப்பிட்ட வாய். உன் கடிதத்தில் வாழ்த்துதலே கால் பக்கம் போகிறது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அதெல்லாம் சரி, சாப்பிடறானான்னு எழுதலையே" என்றாள். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு மட்டும் லேசான சளி, வெந்நீர் குடித்துக்கொண்டிருக்கிறாள்.

நீ கண்ணைத் திறந்து பார் என்றாய். பார்த்தேன். என்ன செய்தேன் என்று எழுதவே கை கூசுகிறது. அப்பா குளிக்கப் போன நேரம் அவர் சட்டைப்பையில் கை விட்டேன். நம் அப்பாவின் பையில், திருடி மாதிரி. இரண்டு பெப்பர்மின்ட் மிட்டாயும் மடித்த கைக்குட்டையும் இருந்தன. மிட்டாய் ஞாயிற்றுக்கிழமை கோயில் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது. அவர் வந்து சட்டையைப் போட்டுக்கொண்டு, "என்னம்மா, முகம் ஒரு மாதிரி இருக்கு? காய்ச்சலா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

குடி இல்லை. பழக்கம் இல்லை. காலையில் எழுகிறார், மாவோடு மல்லுக்கட்டுகிறார், மாலையில் கடையைப் பெருக்கித் தள்ளிவிட்டு அம்மாவிடம் திட்டு வாங்குகிறார். இதில் மறைவான பாவத்துக்கு நேரம் எங்கே?

ஆனாலும் கேட்கிறேன். நீ சொன்னதற்காக இல்லை, எனக்கே தெரிய வேண்டும். ஒரே ஒரு வேண்டுகோள். இது நம் இருவரோடு இருக்கட்டும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

உன் வாலு

*

மே 29

பிரியமான சகோதரிக்கு,

ஸ்தோத்திரம். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். முகாம் வேலை தலைக்கு மேல் இருக்கிறது. நான் சுகம், சாப்பிடுகிறேன்.

சட்டைப்பையைப் பார்த்ததற்கு வெட்கப்படாதே. ஆத்தும பாரம் உள்ளவர்கள் மனுஷ உணர்ச்சிக்கு இடம் கொடுக்கக்கூடாது. அப்பா நல்லவர்தான். நல்லவர்களாக இருந்தே நஷ்டப்பட்டுப் போகிறவர்கள் எத்தனையோ பேர். இங்கே என் நெருங்கிய ஜெபக் கூட்டாளிகளிடம் மட்டும் பெயர் சொல்லாமல் பகிர்ந்திருக்கிறேன். அவர்கள் கண்ணீரோடு ஜெபிக்கிறார்கள்.

கேட்டாயா இல்லையா? உடனே எழுது.

உன் சகோதரன்

*

ஜூன் 4

அண்ணா,

நலம். எல்லோரும் நலம். அம்மாவின் சளி போய்விட்டது.

கேட்டேன். அப்பா சொன்னார்.

உனக்கு எழுதக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். அதனால் எழுத மாட்டேன். நீ நினைக்கிற மாதிரி எதுவும் இல்லை என்று மட்டும் நம்பு. தயவுசெய்து இதை இத்தோடு விட்டுவிடு. உன் ஜெபக் கூட்டாளிகளிடமும் போதும் என்று சொல்லிவிடு. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

காலையில் மாவு மூட்டை மேல் உட்கார்ந்து வேதத்தைத் திறந்தேன். அப்பா அடுப்பில் தட்டை வைத்துக்கொண்டே, "சத்தமா வாசிம்மா, நானும் கேட்டுக்கறேன்" என்றார். வாசித்தேன். ஒரு பக்கம் முடிவதற்குள் எனக்குக் குரல் உடைந்துவிட்டது. புகை என்றேன். "அடுப்புல புகையே இல்லையே" என்றார்.

போன லீவில் நீ மேசையில் பேசியது முழுக்க உனக்கு ஞாபகம் இருக்கிறதா அண்ணா? ஒவ்வொரு வார்த்தையாக? சும்மாதான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
வாலு

*

ஜூன் 12

கர்த்தருக்குள் பிரியமான சகோதரிக்கு,

சமாதானம் உண்டாவதாக. நான் சுகம். அம்மாவின் சுகத்துக்காகத் துதிக்கிறேன்.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். நீ சொல்லாமல் விட்டதே எனக்குப் போதும். ஒன்றும் இல்லாவிட்டால் வாக்கு எதற்கு? வெளிச்சத்துக்கு வரமுடியாத ஒன்று இருப்பதால்தான் மகனுக்குத் தெரியக்கூடாது என்கிறார். நீ சின்னப் பெண், அப்பா பாசம் உன் கண்ணை மறைக்கிறது. உன்மேல் கோபமில்லை.

மேசையில் பேசியது நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. இன்றும் அதில் ஒரு வார்த்தையை நான் மாற்ற மாட்டேன்.

நான் சும்மா இருக்கவில்லை. ஐக்கியம் மாதாமாதம் அச்சடிக்கும் ஜெப மடலில் இந்த விண்ணப்பத்தைச் சேர்த்துவிட்டேன். பயப்படாதே, பெயர் இல்லை, ஊர் இல்லை. மடல் நமக்கு உதவுகிற எல்லாச் சபைகளுக்கும் போகிறது. நம் சபைக்கும் ஒன்று வரும். எத்தனை நூறு பேர் அப்பாவுக்காக முழங்காலில் நிற்கப்போகிறார்கள் என்று நினைத்துப் பார்! அவருக்கே தெரியாமல் அவரைச் சுற்றி ஜெபக் கோட்டை.

வெற்றியின் செய்திக்குக் காத்திருக்கும்,
உன் சகோதரன்

*

ஜூன் 23

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிப்பு கிடையாது. விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

பெயர் இல்லை, ஊர் இல்லை என்று எழுதினாய். "ரொட்டி சுடும் தொழில் செய்பவர்" என்று அச்சடித்திருக்கிறாயே, நம் சபையில் எத்தனை பேர் ரொட்டி சுடுகிறார்கள்? மாணவர் ஐக்கியத்தில் பிள்ளையை வைத்திருப்பவர் எத்தனை பேர்? எழுதும்போது உன் புத்தி என்ன புல் மேயப் போயிருந்ததா?

புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் போதகர் மடலை வாசித்தார். நம் ஐக்கியப் பிள்ளைகள் அனுப்பியது என்று சந்தோஷமாக ஆரம்பித்தார். "ஒரு மாணவருடைய தகப்பனார், ரொட்டி சுடும் தொழில் செய்பவர், மறைவான ஒரு பாவத்தினிமித்தம் திருவிருந்தை விட்டு விலகியிருக்கிறார்..." பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. குரல் உள்ளே போய்விட்டது. ஆனால் வாய் நிற்கவில்லை, கடைசிவரை வாசித்துவிட்டார்.

அப்பா அப்போது பின்னால் டீ மேசையில் பன் அடுக்கிக்கொண்டிருந்தார். கூட்டம் முடிந்து எல்லோரும் சாப்பிட, எப்போதும் போல அவர் கொண்டுவருவது. தையல்கார அத்தை முதலில் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. போதகர், "ஜெபிப்போம்" என்றார். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நம் அப்பாவுக்காக மனமுருக ஜெபித்தார்கள். கண்ணை மூடாதது நானும் அப்பாவும்தான். பன் தட்டின் மேல் துணியை இழுத்து மூடிவிட்டு அப்படியே நின்றார். பாதியில் வெளியே போனால் மரியாதையில்லை என்று நின்றார் அண்ணா. முடிவில் எல்லோரோடும் சேர்ந்து ஆமென் என்றும் சொன்னார்.

அன்று பன் பாதிக்கு மேல் மீந்துவிட்டது.

மறுநாள் கோயில் செயலாளர் கடைக்கு வந்தார். ரொட்டி எதுவும் வாங்கவில்லை. கண்ணாடிப் பெட்டியையே பார்த்துக்கொண்டு, "எல்லாம் சரியாகற வரைக்கும் அப்பத்தை வெளியில வாங்கிக்கலாம்னு கமிட்டில பேசினாங்க. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். அப்பா, "சரிங்க" என்றார். அவ்வளவுதான். நான் பிறப்பதற்கு முன்னாலிருந்து அவர் சுட்டுக் கொடுக்கிற அப்பம். ஒரு 'சரிங்க'வில் முடிந்துவிட்டது. செயலாளர் போன பிறகு அம்மாவும் கேட்டுவிட்டாள்: "என்னங்க பண்ணித் தொலைச்சீங்க? என்கிட்டயாவது சொல்லுங்க." அம்மாவே கேட்டபோது அப்பா முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். அப்போதும் உன் பெயரைச் சொல்லவில்லை.

நான் சொல்கிறேன். வாக்கு கொடுத்தேன்தான். அதை உடைப்பது எனக்கும் அவமானம்தான். ஆனாலும் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

அன்று நான் கேட்டதும் அப்பா கை மாவைத் தட்டிக்கொண்டே சொன்னது இதுதான்: "உங்கண்ணன் சொன்னான்ல, மனசு மாறாதவன் அதைச் சாப்பிட்டா தனக்கே ஆக்கினையை, தண்டனையைச் சாப்பிடறான்னு. என்னைப் பார்த்து, 'நீங்க பேருக்குத்தான் கிறிஸ்தவர்ப்பா, ரொட்டி சுடற கையில பரிசுத்தம் ஒட்டிக்கும்னு நினைக்காதீங்க'ன்னு சொன்னான். அவன் படிச்சவன், வேதம் தெரிஞ்சவன். நான் யோசிச்சுப் பார்த்தேன். அழுது ஜெபம் பண்ணத் தெரியாது எனக்கு. சாட்சி சொல்லத் தெரியாது. அவன் சொல்ற மாதிரி மனசு மாறின ஒரு நாள், ஒரு நேரம்னு எதுவும் எனக்கு நடந்ததில்ல. அப்ப நான் எப்படிப் போய் வாங்கறது? நடந்தா போறேன். அதுவரைக்கும் உக்காந்திருக்கேன்."

மறைவான பாவம் எது என்று கேட்டாயே. நீ சொன்னதை நம்பியதுதான்.

கடைசியாகச் சொன்னார்: "அவனுக்கு எழுதிடாதம்மா. மனசு ஒடிஞ்சிடுவான். நல்ல வழியில போறான், போகட்டும்."

என் பங்கும் இதில் உண்டு. முதல் கடிதத்தை எழுதியது நான். சட்டைப்பையில் கை விட்டது நான். தெரிந்த பிறகும் மென்று முழுங்கியது நான். இப்போதெல்லாம் மாவு மூட்டை மேல் உட்கார்ந்து வேதத்தைத் திறந்தால், அப்பா முதுகுதான் தெரிகிறது.

*

ஜூலை 9

அண்ணா,

நலமா? உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் அம்மா எட்டிப் பார்க்கிறாள். அப்பா பார்க்காத மாதிரி பார்க்கிறார்.

போன கடிதத்தில் கோபத்தில் வாய்க்கு வந்ததை எழுதினேன். எழுதியது எதுவும் பொய் இல்லை. ஆனாலும் நீ சாப்பிடாமல் கிடப்பாய் என்று எனக்குத் தெரியும்.

அம்மாவிடம் நானே எல்லாம் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. அடுப்படிக்குப் போய் அப்பாவுக்கு டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் நின்றாள். அவர் குடித்து முடிக்கும்வரை நின்றாள்.

இந்த மாதம் முந்தின நாள் மதியம் அப்பா பழக்கத்தில் கடையைச் சாத்திவிட்டார். தட்டையும் கழுவிவிட்டார். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கடையைத் திறந்தார்.

நான் அடுத்த வாரம் ஹாஸ்டலுக்குத் திரும்புகிறேன். எனக்கு எழுத வேண்டாம். அப்பாவுக்கு எழுது.

வாலு

*

ஜூலை 15

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் நலமா? நான் நலம் என்று எழுதினால் அது பொய்.

இது எத்தனையாவது தாள் என்று தெரியவில்லை. நன்றாக எழுதிய தாள்களையெல்லாம் கிழித்துப் போட்டேன். என் எழுத்து நன்றாக வந்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

தங்கச்சி எல்லாம் எழுதிவிட்டாள். அவளைத் திட்டாதீர்கள். அன்று மேசையில் அப்படிப் பேசியதை, உங்களிடம் பேசினேன் என்றே நான் நினைத்திருக்கவில்லை. ஐக்கியத்தில் பேசக் கற்றுக்கொண்டதை வீட்டில் பேசிப் பார்த்தேன். நன்றாகப் பேசினோம் என்ற திருப்தியோடு தூங்கப் போனேன். நீங்கள் அதைத் தூக்கிக்கொண்டு ஒரு வருஷம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் சொன்னதைக் கேட்டு உண்மையாகவே பயந்த ஒரே ஆள் நீங்கள்தான் அப்பா. நான்கூட பயந்ததில்லை. பெருமை பிடித்த மனசோடு ஒவ்வொரு மாதமும் முதல் ஆளாகப் போய் வாங்கிச் சாப்பிட்டேன்.

முகாமின் கடைசி நாள் என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன், நாக்கு எழவில்லை. தொண்டை வலி என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். உங்கள் முட்டி வலி மாதிரி.

மடலில் வந்தது தவறு, எழுதியது நான் என்று எல்லாச் சபைகளுக்கும் அடுத்த மடலில் எழுதச் சொல்லிவிட்டு, ஐக்கியத்தில் எனக்கிருந்த செயலாளர் பொறுப்பையும் விட்டுவிட்டேன். ஆனால் கொட்டின பாலை அள்ள முடியாது என்று தெரியும். வீட்டுக்கு வந்து சபையார் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று உங்களிடம் மன்னிப்புக் கேட்க விரும்புகிறேன். வரலாமா?

உங்கள் மகன்

*

ஜூலை 21

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதிக்கொண்டது.

இங்கே நானும் அம்மாவும் சுகம். உன் சுகத்துக்கு எழுதவும். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பேசுகிற மாதிரியே எழுதுகிறேன், தப்பு இருந்தால் திருத்திக்கொள்.

உன் வீட்டுக்கு வர்றதுக்கு வரலாமான்னு எதுக்குடா கேள்வி? பஸ் ஏறு.

எல்லார் முன்னாடியும் எந்திரிச்சுப் பேசறதெல்லாம் வேணாம். மறுபடியும் என்னைப் பத்தியே சபையில பேசுவியா? நான் தாங்க மாட்டேன். போதகர்கிட்டயும் கமிட்டியிலயும் தனியா சொல்லணும்னா சொல்லிக்கோ. அதோட விடு.

நீ சொன்னது தப்புன்னு எழுதியிருக்க. சரி. ஆனா ஒண்ணு. நீ சொல்றதுக்கு முன்னாடியும் நான் தகுதியோட போறேன்னு எனக்குத் தோணினதில்ல. ஆனாலும் போயிட்டிருந்தேன், கூப்பிடறாங்களேன்னு. நீ சொன்னப்பதான், இத்தனை வருஷம் வெக்கமில்லாம போய் வாங்கிட்டிருந்தோமேன்னு கூசிப் போச்சு. அது இன்னும் போகல. அதுக்கு நீ ஒண்ணும் பண்ண முடியாது. உன்மேல கோபம்னு நினைக்காத.

வரும்போது ராத்திரி பஸ்ல வராத. சாப்பிட்டுட்டுக் கிளம்பு.

அப்பா

*

ஆகஸ்ட் 5

அன்புள்ள வாலு,

நீ நலமா? ஹாஸ்டலில் புது அறை எப்படி? அம்மா உனக்கு பிஸ்கட் தனியாக அனுப்பியிருக்கிறாள். எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியில் நீ வெறும் டப்பாவை நக்காதே. இங்கே மூன்று பேரும் நலம். சாப்பிடுகிறேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் யார்தான் சாப்பிட மாட்டார்கள்?

நான் வந்து இறங்கியபோது அப்பா தட்டோடு நின்றிருந்தார். காலில் விழப் போனேன். "தள்ளுடா, சூடு" என்றார். அவ்வளவுதான் எங்கள் வரவேற்பு. அம்மா மட்டும் ஒன்று சொன்னாள். "படிக்க வச்சேன். பேசக் கத்துக்கிட்டு வந்த. இனிமே கேக்கக் கத்துக்கோ."

போதகர் வீட்டுக்குத் தனியாகப் போனேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவரே, "நானும் வாசிச்சிருக்கக்கூடாதுப்பா. பாதியில நிறுத்தியிருக்கலாம். நாக்கு ஓடிடுச்சு" என்றார். கோயில் செயலாளர் வீட்டுக்கும் போனேன். "அப்படியா, எங்களுக்கு என்ன தெரியும்?" என்று வாசற்படியிலேயே நிற்க வைத்துப் பேசினார். அது எனக்குத் தேவைதான். இந்த மாத அப்பத்துக்கு ஏற்கனவே வெளியில் சொல்லியாகிவிட்டது என்றார்.

நேற்று முன்தினம் ஞாயிறு. கோயில் வாசலில் தையல்கார அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவுக்காக எப்படி ஜெபம் பண்ணியிருக்க! பெத்தா உன்ன மாதிரி பெறணும்" என்றாள். அப்பா பக்கத்திலேயே நிற்கிறார். செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. பிறகு போதகர், பழக்க தோஷத்தில், முகாம் சாட்சி சொல்ல முன்னால் வரும்படி என்னைக் கூப்பிட்டார். எழுந்து, "சொல்றதுக்கு இந்தத் தடவை எதுவும் இல்லைங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். சபையே திரும்பிப் பார்த்தது. அப்பா மட்டும் பார்க்கவில்லை.

திருவிருந்து நேரம் வந்தது. நான் அப்பாவோடு கடைசி வரிசையில் இருந்தேன். அம்மா எழுந்து போய்விட்டாள். வரிசை வரிசையாகக் காலியானது. அப்பா மெதுவாக, "நீ போடா" என்றார்.

"இல்லப்பா."

"ஏன்?"

"எனக்கு இறங்காதுப்பா."

முன்னால் ஒரு வரிசை எழுந்து அடுத்த வரிசை முழந்தாளிட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவரைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. அவர் ஒரு வருஷம் இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உடம்பில் உறைத்தது. எல்லோரும் நம்மைத் தாண்டிப் போவார்கள் வாலு. சிலர் நம் முழங்கால் மேல் இடித்துவிட்டு, மன்னிக்கணும் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். திரும்பி வரும்போது வாயை மென்றுகொண்டே நம்மைப் பார்க்காமல் வருவார்கள். ஒரே ஒரு தடவைக்கே எனக்கு அது தாங்கவில்லை.

எங்கள் வரிசையில் இருந்த மற்றவர்களும் போய்விட்டார்கள். போதகர் தட்டை மூடுவதற்காகத் துணியைக் கையில் எடுத்துவிட்டார். அப்பா என் தோளைத் தொட்டார்.

"எந்திரி."

"அப்பா, நான்..."

"எந்திரிடா. உன் தகுதி, என் தகுதி எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். புள்ளையைப் பட்டினி போட்டுட்டு என்னால உக்காந்திருக்க முடியாது."

கோயில் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, நாங்கள் இருவர் மட்டும் நடந்தோம். போதகர் துணியைக் கீழே வைத்தார். அப்பா முழந்தாளிட்டபோது முட்டி நிஜமாகவே சத்தம் போட்டது. "பொய் சொன்னா இப்படித்தான்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்தார். நான் சிரிக்கவில்லை. என் கண்ணீர் நீட்டிய உள்ளங்கையில் விழுந்துகொண்டிருந்தது. அதே கையில்தான் அப்பம் விழுந்தது.

வெளியே வந்ததும் அப்பா முதலில் சொன்னது: "சரியா வேகல. யார் சுட்டதோ, பாவம்."

அது போதகர் காதிலும் விழுந்துவிட்டது. அவர் அங்கேயே அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த மாசம் நீங்கதான்" என்றார். கமிட்டியில் நான் பேசிக்கொள்கிறேன் என்றும் சொன்னார். அப்பா சரிங்க என்று சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

அவருக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுத மாட்டேன். எனக்குத் தெரியாது. என் வெட்கமும் போகவில்லை, போக வேண்டும் என்று நான் ஜெபிக்கவும் இல்லை. கொஞ்ச நாள் இருக்கட்டும். நீ உட்காரும் மாவு மூட்டை மேல் காலையில் நானும் உட்கார்ந்து பார்த்தேன். வாசிப்பதற்கு முன்னால் அப்பாவிடம், "அடுத்த மாசம் நீங்க அப்பம் பிசையறப்ப நான் பக்கத்துல நிக்கலாமாப்பா?" என்று கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். விக்கல் ஞாபகம் வந்திருக்கும்.

"வாயை மூடிட்டு நிக்கறதா இருந்தா நில்லு."

சரி என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள் எருமை.

உன் அண்ணன்